மனித உடம்பு எவ்வளவு பயிற்சி தாங்கும்? (வாரம் 25 கி.மீ.யிலிருந்து 70 கி.மீ. அட்டவணை: பிரித்து மேயவும்)

பனங்கிழங்கு | இழை தொடக்கம் | திங்கள் காலை 6:12

வணக்கம். ஆள் விவரம் இது: வயது 35, எடை 68 கிலோ, உயரம் 172 செ.மீ., நாற்காலி வேலை. இப்போது வாரம் 25 கி.மீ. ஓட்டம். ஒரே ஓட்டத்தில் அதிகபட்சம் 10 கி.மீ. ஜிம் பழக்கம் இல்லை.

எட்டு வாரத் திட்டம்: வாரத் தூரம் 30, 36, 42, 48, 54, 60, 65, 70. முதல் வாரத்தை மட்டும் விரித்துப் போடுகிறேன். செவ்வாய், வியாழன் காலை 6 கி.மீ. வேக ஓட்டம். புதன் 8 கி.மீ. லேசாக. ஞாயிறு 10 கி.மீ. சனி ஒரு மணி நேரம் சைக்கிள். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை ஒரு மணி நேரம் ஜிம். ஞாயிறு ஓட்டம் மட்டும் 10, 14, 16, 18, 20, 22, 24, 26 என்று ஏறும். ஓய்வு நாள் வைக்கவில்லை.

மனித உடம்புக்கு உச்ச வரம்பு என்று ஒன்று உண்டா? உண்டென்றால் இந்த அட்டவணை அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது?

ஆக்சிஜன்கடன் | திங்கள் காலை 7:40

வரம்பு உண்டு. ஆனால் 'எவ்வளவு' என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது, 'எத்தனை நாளைக்கு' என்பதையும் சேர்த்துக் கேட்கணும்.

ஒரே நாள் என்றால் மனிதன் பண்ணும் வித்தையே வேறு. 1997-ல் அடிலெய்டில் யானிஸ் கூரோஸ் 24 மணி நேரத்தில் 303.506 கி.மீ. ஓடினார். இருபது வருஷத்துக்கு மேல் யாரும் நெருங்கவில்லை. 2021-ல் அலெக்சாண்டர் சொரோகின் அதைத் தாண்டினார், 2022-ல் வெரோனாவில் 319.614 ஆக்கினார். அதே தூரத்தை மறுநாளும் ஓடச் சொன்னால் சொரோகினாலும் முடியாது. நாள் கூடக்கூட உச்சம் சரிந்துகொண்டே வரும்.

எங்கே போய் நிற்கிறது? ஹெர்மன் பொன்ட்சரும் சகாக்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வுதான் இதில் முக்கியமானது. 2015-ல் கலிஃபோர்னியாவிலிருந்து வாஷிங்டன் டி.சி. வரை வாரம் ஆறு மாரத்தான் வீதம் சுமார் 20 வாரம் ஓடியவர்களை அளந்தார்கள். கூடவே டூர் டி பிரான்ஸ் சைக்கிள்காரர்கள், துருவப் பயணிகள், கர்ப்பிணிகள் என்று பழைய அளவுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டார்கள். ஆரம்பத்தில் செங்குத்தாக விழுந்த கோடு போகப்போகப் படுத்துவிட்டது. படுத்த இடம் அடிப்படை வளர்சிதை வீதத்தின் (பி.எம்.ஆர்., அதாவது சும்மா படுத்திருந்தாலே ஆகும் செலவு) 2.5 மடங்கு. மூன்று வார டூர் டி பிரான்ஸ் 4 முதல் 5 மடங்கு வரை போகும். ஒன்பது மாதக் கர்ப்பம் 2.2. ஆமாம், பிள்ளை சுமப்பதும் இந்த நீண்ட நாள் வரம்பில் கிட்டத்தட்ட உச்சியில்தான் இருக்கிறது.

அளந்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ஹைட்ரஜன் தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், கரியமில வாயுவாகவும் போகும். சிறுநீர் மாதிரியில் இரண்டும் குறைகிற வேகத்தின் வித்தியாசத்தைப் பார்த்தால் எவ்வளவு கரியமில வாயு போனது, அதிலிருந்து எவ்வளவு கலோரி எரிந்தது என்று வந்துவிடும். கையில் கட்டும் வாட்ச் காட்டுகிற கலோரியை இதோடு ஒப்பிடவே கூடாது.

2.5-ல் ஏன் நிற்கிறது? அவர்களுடைய விளக்கம் குடலைக் கைகாட்டுகிறது. உறிஞ்சுவதற்கு ஒரு அளவு உண்டு, அதற்கு மேலான செலவை உடம்பு தன்னையே தின்றுதான் ஈடுகட்டும். 1992-93-ல் ரனுல்ஃப் ஃபைன்ஸும் டாக்டர் மைக் ஸ்ட்ரவுடும் அண்டார்டிகாவில் சறுக்குவண்டி இழுத்தபோது தின்றது நாளுக்கு 5,000 கலோரிக்குச் சற்று மேல், செலவு சராசரியாக 7,000 அளவில். ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் இளைத்தார்கள். 2025-ல் 14 அல்ட்ரா வீரர்களை (மாரத்தானைவிட நீண்ட தூரம் போகிறவர்கள்) ஒரு வருடம் தொடர்ந்த ஆய்விலும், சில நாட்களில் 6-7 மடங்கைத் தொட்டவர்கள்கூட வருடச் சராசரியில் 2.4-க்கே வந்து நின்றார்கள்.

இப்போது உங்கள் ஆள். வயது, எடை, உயரத்தை வைத்துக் கணிக்கும் மிஃப்ளின் சூத்திரத்தில் பி.எம்.ஆர். 1,585. அதன் 2.5 மடங்கு 3,962. நாற்காலி வாழ்க்கைக்கு 1.4 மடங்கு, அதாவது 2,219 போய்விடும். மீதி 1,743. ஓட்டத்துக்குக் கிலோவுக்கு, கி.மீ.க்கு ஏறக்குறைய 1 கலோரி, அதனால் 68 கிலோ ஆளுக்குக் கி.மீ.க்கு 68. ஆக நாளுக்கு 25 கி.மீ., வாரத்துக்கு 180 கி.மீ. வரை கணக்கு இடம் கொடுக்கிறது. உலகத்தர மாரத்தான்காரர்கள் வாரம் 160 முதல் 220 ஓடுகிறார்கள், அவர்கள் எடையும் குறைவு. சூத்திரம் அங்கேயே போய் முட்டுகிறது பாருங்கள்.

உங்கள் எட்டாவது வாரம், 70 கி.மீ., ஜிம் எல்லாம் சேர்த்தாலும் நாளுக்கு 3,070 அளவு. 2 மடங்கைக்கூடத் தொடவில்லை. சமையலறைக் கணக்கில் பாஸ்.

கணுக்கால் | திங்கள் காலை 9:05

சமையலறையில் பாஸ், எலும்பில் ஃபெயில். ஆக்சிஜன் சொன்னது சரிதான், ஆனா ஊர்ல ஓடுற நூறு பேர்ல 2.5 மடங்கு வரைக்கும் போய் நிக்கிறவங்க யாரு? அதுக்கு ரொம்ப முன்னாடியே கணைக்கால் எலும்போ அக்கிலிஸோ (குதிகால் நாண்) கைய விரிச்சிரும்.

காரணம் வேகம். இதயம், ரத்தம், தசைக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சில வாரத்துல தேறிரும். மூணாவது வாரமே மூச்சு வாங்கறது குறையும், 'இன்னும் ரெண்டு கி.மீ. போலாமே'ன்னு தோணும். எலும்பு அப்படி இல்ல. புது பாரம் விழுந்தா முதல்ல பழைய எலும்பத் தின்கிற செல்கள் இறங்கி மூணு வாரம் போலக் குடையும். அப்புறம்தான் கட்டுற செல்கள் வந்து நிரப்பும், அது முழுசா இறுக மூணு மாசம் ஆகும். நடுவுல ஒரு இடைவெளி. எலும்பு முன்னவிட பலவீனமா இருக்கிற நேரம், மூச்சு முன்னவிட பலமா இருக்கிற நேரம், ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கும். நாலாவது வாரத்துல இருந்து எட்டாவது வாரத்துக்குள்ள எலும்புக் கீறல் வர்றது இதனாலதான். உங்க அட்டவணையில அந்த வாரங்கள்ல 48, 54, 60, 65, 70 ஏறுது.

டெண்டனும் (தசைய எலும்போட கட்டுற நாண்) கிட்டத்தட்ட இதே கதை. கடுமையா குதிச்ச, ஓடின பிறகு முதல் ஒண்ணரை நாளைக்கு அதோட நார்ப்புரதமான கொலாஜன் கட்டுறதவிட உடையறது அதிகம். அதுக்கப்புறம்தான் வரவு செலவத் தாண்டும். அதனால வேக ஓட்டத்துக்கு மறுநாள் மறுபடியும் வேகமோ குதிப்போ வைக்கக்கூடாது. நடுவுல 48 மணி நேரமாவது விடணும்.

வலிய எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது: கணைக்கால் உள்பக்க ஓரமா ஒரு சாண் நீளத்துக்குப் பரவலா வலிச்சா, ஓட ஆரம்பிச்சதும் குறைஞ்சா, அது பெரும்பாலும் எலும்பு உறை எரிச்சல். ஒரு விரல் நுனியால, ஒரு ரூபாக் காசு அளவு இடத்தக் காட்ட முடிஞ்சா, ஓட ஓடக் கூடினா, ராத்திரி படுத்தப்பவும் விண்விண்ணுன்னு தெறிச்சா, அத்தோட நிறுத்தணும். ஒத்தைக் கால்ல பத்து தடவை குதிக்கச் சொன்னா மூணாவதுலயே முகம் மாறும். அப்ப எக்ஸ்ரே எடுத்துட்டு 'நார்மல்'னு சந்தோஷப்படாதீங்க. முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல தெரியாது. எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

பனங்கிழங்கு | திங்கள் காலை 9:31

> வாரம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது

என்ற விதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இது 20 சதவீதம். அதனால்தான் தப்பா?

ஆக்சிஜன்கடன் | திங்கள் காலை 10:18

அந்த விதிக்கு ஆதாரம் பலவீனம். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புது ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்குப் பத்து சதவீத ஏற்றமும் மற்றதுக்கு வழக்கமான திட்டமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வந்தது. இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. 2025-ல் 5,205 ஓட்டக்காரர்களின் வாட்ச் பதிவுகளை வைத்து வந்த ஆய்வு இன்னும் உபயோகமானது. வாரக் கூட்டுத்தொகை காயத்தைச் சரியாக முன்னறிவிக்கவில்லை. ஒரே ஓட்டத்தின் நீளம்தான் காட்டிக்கொடுத்தது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினாலே ஆபத்து ஏறுகிறது. இரட்டிப்புக்கு மேல் போனால் இன்னும் அதிகம். அதன்படி உங்கள் அட்டவணையில் முதல் ஓட்டை இரண்டாவது ஞாயிறு: 10-லிருந்து 14, அதாவது 40 சதவீதம்.

ஆனால் பெரிய ஓட்டை கி.மீ. கணக்கில் தெரியவே தெரியாது. கார்ல் ஃபாஸ்டரின் எளிய முறையைப் போட்டுப் பாருங்கள். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து 'எவ்வளவு கடினம்' என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்து, அதை நிமிடத்தால் பெருக்கணும்.

இப்போதைய வாரம்: 25 கி.மீ., 150 நிமிடம், கடினம் 4. மொத்தம் 600.
திட்டத்தின் முதல் வாரம்: ஜிம் ஒரு நாளைக்கு 60 × 7 = 420, நாலு நாளைக்கு 1,680. வேக ஓட்டம் 35 × 8 = 280, இரண்டு நாளைக்கு 560. புதன் 48 × 4 = 192. சனி சைக்கிள் 60 × 3 = 180. ஞாயிறு 60 × 5 = 300. கூட்டினால் 2,912.

தூரம் 20 சதவீதம்தான் கூடியிருக்கிறது. சுமை ஐந்து மடங்கு, அதுவும் ஒரே வாரத்தில்.

கணுக்கால் | திங்கள் காலை 10:26

இந்த 2,912-ஐ யாராவது ஜிம் வாசல்ல எழுதி ஒட்டுங்கப்பா.

இரும்புக்கடை | திங்கள் பகல் 1:50

ஜிம்மு மேல பழியப் போடாதீங்க, போடுற விதம்தான் தப்பு. பழக்கமில்லாத ஆள நாலு நாள் கொண்டுவந்து முதல் நாளே கால் நாள்னு ஸ்குவாட் (உக்காந்து எழுறது) அஞ்சு செட், லன்ஜ் (ஒரு கால முன்ன வெச்சு இறங்குறது) நாலு செட், லெக் பிரஸ் நாலு செட் குடுத்தா அது பயிற்சி இல்ல, தண்டனை. இறங்குற பாகம்தான் தசைய அதிகமா கிழிக்கும்: உக்கார்றப்ப, எடைய கீழ விடறப்ப, மலையிறங்கறப்ப. ஸ்கூல்ல 500 தோப்புக்கரணம் போட வெச்சா மறுநாள் படிக்கட்டுல கைப்பிடியப் பிடிச்சுட்டு இறங்கறது அதனாலதான்.

அந்தத் தசையே கொஞ்சமா ஒரு தடவ பாத்துட்டா அடுத்த தடவ பாதி சேதம்கூட ஆகாது. அந்தக் காப்பு சில வாரம் நிக்கும். அதனால முதல் வாரம்: ஸ்குவாட் 2 செட் × 8, ரொமேனியன் டெட்லிஃப்ட் 2 × 8, கெண்டைக்கால் தூக்கல் 2 × 12, ரோ 2 × 10. எடை எவ்வளவுன்னா, எட்டு போட்டப்புறம் இன்னும் நாலு அஞ்சு போட முடியும்கிற அளவு. முப்பது நிமிஷத்துல வெளிய வந்துரணும். மூணாவது வாரத்துல மூணு செட். வாரம் ரெண்டு நாள் போதும் ஓடுறவனுக்கு. அந்த ரெண்டு நாளும் ஓட்டம் இருக்கிற நாள் சாயங்காலமே வைங்க, ஓய்வு நாள்ல திணிக்காதீங்க. நடுவுல ஆறு மணி நேரம் இடைவெளி வேணும்.

தண்ணி நல்லா குடிக்கணும், பயிற்சி நாள்ல அஞ்சாறு லிட்டர். வலிச்சா ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுட்டுப் படுங்க, சரியாயிரும்.

நாடித்துடிப்பு | திங்கள் மாலை 4:22

இரும்புக்கடை அவர்களின் முதல் இரண்டு பத்தியும் ரொம்பச் சரி. கடைசிப் பத்தியை மட்டும் அழித்துவிடுங்கள், இரண்டு வரியும் ஆபத்து.

முதலில் மாத்திரை. பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பின் தசைச் செல்கள் உடைந்து மயோகுளோபின் என்ற தசைப் புரதம் ரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தின் குழாய்களில் அடைக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கின்றன. வியர்த்து வறண்ட உடம்பில் இரண்டும் சேர்ந்தால் ஒரே இரவில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ஏறிவிடும். தசை வலிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் பாராசிட்டமால் போதும்.

ராப்டோமயோலிசிஸ் என்ற அந்த நிலை பயில்வான்களையும் விடாது. 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி, விடுமுறை முடிந்து வந்ததும், தாங்கள் தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியை வைத்து 100 ஸ்குவாட் போட்டது. நேரம் பார்த்துக்கொண்டு போட்டார்கள். 13 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எல்லோரும் நன்றாகப் பழகிய விளையாட்டு வீரர்கள். 'மூன்று வாரம் விட்டுவிட்டு, அன்றைக்கே முழு அளவு' என்பதுதான் அங்கே நடந்தது.

சாதாரண வலிக்கும் இதற்கும் வித்தியாசம்: சாதாரண வலி இரண்டாவது நாள் உச்சம் போய் நான்காவது நாள் அடங்கும். இதில் தசை வீங்கி இறுகும், முழங்கையை நீட்டவே வராது, தொடை மரக்கட்டை மாதிரி ஆகும், சிறுநீர் கட்டஞ்சாயா (பாலில்லாத டீ) நிறத்தில் போகும். அந்த நிறம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். சி.பி.கே. (தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி), கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை நான்கும் கேளுங்கள். சிறுநீர்ப் பட்டையில் ரத்தம் என்று காட்டும், ஆனால் மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இருக்காது. அதுதான் மயோகுளோபினின் அடையாளம். சி.பி.கே. எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மாரத்தான் ஓடியவர்களுக்கு ஆயிரங்களில் வந்து தானாக இறங்கும். அறிகுறி, சிறுநீர், சிறுநீரகம் மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள், வைரஸ் காய்ச்சலிலிருந்து இப்போதுதான் எழுந்தவர்கள் கூடுதல் கவனம்.

அடுத்து தண்ணீர். பயிற்சி நாளில் ஐந்தாறு லிட்டர் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லக் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்த 488 பேரில் 13 சதவீதத்துக்குச் சோடியம் 135 அல்லது அதற்குக் கீழ். மூவருக்கு 120 அல்லது அதற்கும் கீழ், அது உயிராபத்து. ஓடும்போது எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். அதாவது வியர்த்ததைவிடக் கூடுதலாகக் குடித்தவர்கள். மூளை வீங்கும்: தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு. அதைப் 'போதாத தண்ணீர்' என்று நினைத்து இன்னும் ஊற்றிக் கொடுத்தால் ஆள் போய்விடுவார்.

இரும்புக்கடை | திங்கள் மாலை 4:40

திருத்திட்டேன் டாக்டர். அப்ப எவ்வளவு குடிக்கிறது?

நாடித்துடிப்பு | திங்கள் மாலை 5:15

வீட்டுத் தராசே சொல்லும். ஓடுமுன் உடையில்லாமல் எடை. ஒரு மணி நேரம் ஓடி, வியர்வையைத் துடைத்து மறுபடி எடை. குறைந்த கிலோவோடு வழியில் குடித்த லிட்டரைக் கூட்டினால் ஒரு மணி நேர வியர்வை. 68.0 கிலோ 67.1 ஆகி, வழியில் அரை லிட்டர் குடித்திருந்தால் வியர்வை 1.4 லிட்டர். குறைவு எடையில் 2 சதவீதத்துக்குள் நின்றால் போதும், அதாவது இந்த ஆளுக்கு 1.4 கிலோ. முழுவதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. எடை கூடக் கூடாது, அதுதான் கோடு.

ஒன்றரை மணிக்கு மேல் போகும் ஓட்டத்துக்கு: 750 மில்லி தண்ணீர், சர்க்கரை 40 கிராம், குளுக்கோஸ் பொடி 20 கிராம், உப்பு கால் தேக்கரண்டி (ஒன்றரை கிராம் அளவு). குளுக்கோஸும் ஃப்ருக்டோஸும் குடலில் தனித்தனி வாசல் வழியே போகின்றன. குளுக்கோஸ் வாசல் மணிக்கு 60 கிராமில் நெரிசலாகிவிடும். சர்க்கரையில் பாதி ஃப்ருக்டோஸ் என்பதால் இரண்டும் கலந்தால் 90 வரை போகலாம். ஆனால் வயிற்றையும் பழக்க வேண்டும், போட்டி நாளில் முதல்முறை முயன்றால் புதர் தேடி ஓட வேண்டியிருக்கும்.

உப்புக்காற்று | திங்கள் இரவு 8:03

சூட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் கடற்கரை ஊர்களில் முதலில் மோதும் சுவர் அதுதான்.

68 கிலோ ஆள் மணிக்கு 10 கி.மீ. ஓடினால் 680 கலோரி எரிகிறது, அதில் ஏறக்குறைய 530 வெறும் சூடு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கலோரியைக் கொண்டுபோகும். கவனியுங்கள், ஆவியானால். சொட்டித் தரையில் விழுந்த வியர்வைக்கு மதிப்பு பூஜ்யம். சூடு வெளியேற வழியே இல்லையென்றால் இந்த உடம்பு ஆறு ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். அவ்வளவு மோசமாக நடக்காது. ஆனால் தூத்துக்குடி, சென்னை விடியற்காலையில் வெயில் இல்லை என்று ஏமாறக் கூடாது, ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள். அதுவரை வேகத்தை வாட்சில் பார்க்காமல் மூச்சில் பாருங்கள், முழு வாக்கியம் பேச வரணும்.

வெப்பத்தாக்கு என்றால் உள்சூடு 40-க்கு மேல், கூடவே பிதற்றல், தள்ளாட்டம், கோபம், மயக்கம். வியர்த்துக்கொண்டே இருந்தாலும் அது வெப்பத்தாக்குதான். 'தோல் காய்ந்திருக்கணும்' என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். முதலில் குளிர்விக்கணும், பிறகுதான் வண்டி. 108-ஐ அழைத்துவிட்டு, ஒரு பெரிய தார்ப்பாயை விரித்து ஆளை நடுவில் கிடத்தி, நாலு பேர் ஓரத்தைத் தூக்கித் தொட்டி மாதிரி பிடித்து, தண்ணீரும் ஐஸ் கட்டியும் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருக்கணும், தலையை ஒருவர் தாங்கணும். அரை மணிக்குள் சூடு இறங்கினால் பிழைப்பது கிட்டத்தட்ட உறுதி. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. ஓட்டக்காரன் நிறுத்தலாம், உப்பளத்தில் வாரிக்கொண்டிருப்பவர் நிறுத்த முடியாது. எட்டு மணி நேர உடலுழைப்புக்கு, ஒருவரின் உச்ச ஆக்சிஜன் திறனில் மூன்றில் ஒரு பங்கு என்பது தொழில் உடலியலில் பழைய கணக்கு. எல் சால்வடோர், நிகராகுவாவில் கரும்பு வெட்டுபவர்கள் இளம் வயதிலேயே சிறுநீரகம் இழந்ததில் இந்தச் சூடும் உழைப்பும் முக்கியச் சந்தேகம். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் வெப்ப அழுத்தமும் சிறுநீரகத் தளர்ச்சியும் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. 'உடம்பு எவ்வளவு தாங்கும்' என்ற கேள்விக்கு அவர்கள் யாரும் விரும்பாமலே பதிலாகிக்கொண்டிருக்கிறார்கள்.

வடமராட்சி | செவ்வாய் காலை 5:50

எல்லாரும் 68 கிலோ ஆம்பிளையின்ர கணக்கையே போடுறியள். பெண்களுக்கு வரம்பு வேற இடத்தில வந்து இடிக்கும்.

உண்ட கலோரியில இருந்து பயிற்சிக்குப் போனதைக் கழிச்சு, கொழுப்பில்லாத எடையால வகுக்க வேணும். 52 கிலோ, கொழுப்பு 24 வீதம் எண்டால் கொழுப்பில்லாத எடை 39.5. சாப்பாடு 1,900, ஓட்டம் 600 எண்டால் மிச்சம் 1,300, வகுத்தால் 33. சாப்பாடு 1,700-க்கு இறங்கினால் 28 தான். 30-க்குக் கீழ கன நாள் நிண்டால் உடம்பு ஒவ்வொரு செலவா வெட்டத் தொடங்கும்: முதல்ல மாதவிடாய், பிறகு எலும்பு. ஒலிம்பிக் கமிட்டி 2014-இல இதுக்கு ரெட்-எஸ் (விளையாட்டில வாற சக்திப் பற்றாக்குறை) எண்டு பேர் வைச்சது. ஆம்பிளையளுக்கும் வரும், அவையளுக்குக் காட்டிக்குடுக்க மாதக் கணக்கு இல்லை, அவ்வளவுதான்.

மூண்டு மாசம் மாதவிடாய் வரேல்லை எண்டால் 'நல்லா ஓடுறன், அதுதான்' எண்டு விடாதேங்கோ. ஃபெரிட்டின் (உடம்பின்ர இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, தைராய்டு பாக்க வேணும். ஓட்டத்தைக் குறைக்கிறதுக்கு முதல் ஒரு நாளைக்கு 300 கலோரி கூட்டிப் பாருங்கோ: ஒரு பெரிய கரண்டி சோறும் பருப்பும், ஒரு வாழைப்பழமும்.

ஆக்சிஜன்கடன் | செவ்வாய் காலை 7:10

வடமராட்சி சொன்னது பொன்ட்சரின் இன்னொரு முடிவோடு ஒட்டிப்போகிறது. தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்காரர்கள் நாளெல்லாம் நடந்தும், உடல் அளவைச் சமன்செய்தால், மொத்தச் செலவு நகரத்து ஆட்களுடையதைப் போலவே இருந்தது. 2012-ல் வந்தது. அமெரிக்கா குறுக்கே ஓடியவர்களும் கடைசியில் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 600 கலோரி குறைவாகவே எரித்தார்கள். எங்கேயோ மிச்சம் பிடிக்கிறது உடம்பு. கொஞ்சம் மிச்சம் நல்லது, உடம்புக்குள் அழற்சி குறையும். ஒரு அளவுக்கு மேல் போனால் வெட்டக் கூடாத செலவை வெட்டும்.

கருவேலம் | செவ்வாய் காலை 8:30

நேரே கேட்கிறேன். ரொம்ப ஓடினால் இதயத்துக்குக் கெடுதல், ஆயுள் குறையும் என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே?

நாடித்துடிப்பு | செவ்வாய் பகல் 12:45

அந்தச் செய்தியின் வேர் 2015-ல் வந்த கோபன்ஹேகன் ஆய்வு. 'கடுமையாக ஓடுபவர்களும் ஓடாதவர்களும் ஒன்றே' என்று தலைப்பு போட்டார்கள். கடுமையாக ஓடியவர்கள் என்று அதில் இருந்தது நாற்பது பேர் அளவுக்குத்தான். இறந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு மரணத்தை வைத்து வளைவு வரைந்தால் அது எங்கே வேண்டுமானாலும் வளையும். அதே ஆண்டு 6,61,137 பேரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், பரிந்துரைக்கப்பட்ட அளவின் 3 முதல் 5 மடங்கில் பலன் உச்சம், 10 மடங்கில்கூட இறப்பு கூடவில்லை. பரிந்துரை என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கில் வாரம் 150 முதல் 300 நிமிட மிதப் பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி.

கெடுதலே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஸ்வீடனின் வாசலோபெட் 90 கி.மீ. பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்ட 52,000 பேரைத் தொடர்ந்ததில், அதிக முறை முடித்தவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் இதயத் தாளக்கோளாறு அதிகம். முக்கியமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது). பல ஆண்டு கடும் பயிற்சியில் மேலறை விரிவதுதான் காரணமாகக் கருதப்படுகிறது. ஓட்டத்தில் திடீரென இதயம் நிற்பது அரிது. 2000-2010-ல் அமெரிக்காவில் மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1.09 கோடி பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. ஏற்கெனவே இதயத் தசை தடித்திருந்தவர்கள் அதில் முக்கியக் குழு. குடும்பத்தில் யாராவது ஐம்பதுக்கு முன் திடீரென இறந்திருந்தால், ஓடும்போது நெஞ்சு அழுத்தினால், மயங்கினால், ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பார்த்த பிறகு ஓடுங்கள். காய்ச்சலோடு ஓடவே கூடாது, இதயத் தசை அழற்சி அப்போதுதான் வாய்ப்பு தேடுகிறது.

பனங்கிழங்கு | செவ்வாய் மாலை 6:20

சரி, அட்டவணையைக் கிழித்தாயிற்று. அளவு மிஞ்சிவிட்டது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா? புது அட்டவணை எப்படி இருக்கணும்?

கணுக்கால் | செவ்வாய் இரவு 9:02

தெரியாது. மிகைப்பயிற்சிக்குன்னு தனி ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ரத்தசோகை, தைராய்டு, தொற்று இல்லன்னு ஒதுக்கத்தான் பாப்பாங்க. வீட்டுல பாக்க வேண்டியது: காலைல கண்ணு முழிச்சதும் நாடி, வழக்கத்தவிட ஏழெட்டு கூடி மூணு நாள் தொடர்ந்து நிக்குதா. தூக்கம் கெடுதா. அதே 6 கி.மீ., அதே வேகம், ஆனா கடினம் 4-ல இருந்து 6 ஆகுதா. இதுல ரெண்டு சேந்தா ஒரு வாரம் பாதியாக் குறைங்க. ஒரு வாரத்துல தேறினா வெறும் அசதி. ரெண்டு மூணு வாரமாகியும் தேறலன்னா விஷயம் வேற, மாசக்கணக்குல போகும்.

அட்டவணை: செவ்வாய் காலை 6 கி.மீ., அதுல கடைசில 20 விநாடி வேக ஓட்டம் ஆறு தடவ. மாலை ஜிம். புதன் நடை மட்டும். வியாழன் 5 லேசா. வெள்ளி 6, மாலை ஜிம். சனி ஓய்வு, திங்கள் ஓய்வு. ஞாயிறு 10. மொத்தம் 27. ஜிம் முதல் ரெண்டு வாரம் 30 நிமிஷம், கடினம் 4. சுமை 888 வருது, இப்ப இருக்கிறதுக்கு ஒண்ணரை மடங்கு. அதுவே கொஞ்சம் அதிகம்தான், ஆனா ஜிம் பாரம் கணைக்கால்ல மொத்தமா விழாது.

வாரத் தூரம் 27, 29, 31, 24, 32, 34, 36, 28. ஞாயிறு 10, 11, 12, 9, 12, 13, 14, 10. நாலாவதும் எட்டாவதும் இறக்கம், அத வெட்டாதீங்க, எலும்பு நிரம்ப நேரம் கிடைக்கிறது அப்பதான். ஓட்டத்துல அஞ்சுல நாலு பங்கு பேசிக்கிட்டே ஓடற வேகம். 70 வேணும்னா இதே ஏத்தத்துல ஒரு வருஷம் வைங்க.

பனங்கிழங்கு | செவ்வாய் இரவு 9:40

ஐந்தாவது வார ஞாயிறு குழு ஓட்டம் 14 கி.மீ. என்று ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறது. 12-க்குப் பதில் அதைப் போட்டுக்கொள்ளலாமா?

கணுக்கால் | செவ்வாய் இரவு 9:48

அதுக்கு முந்தைய முப்பது நாள்ல உங்க மிக நீளம் 12. அப்ப 13.2 வரைக்கும் ஓடுங்க. கடைசி 800 மீட்டர் நடந்து போய்ச் சேருங்க, டீக்கடையில காத்திருப்பாங்க.